20 வருஷம் தாக்குப்பிடித்தால் விடுதலையா? இடைக்கால ஐஸ்லாந்தின் சட்டவிலக்கு

#1 · கடல்நுரை

சாகா எனப்படும் பழைய ஐஸ்லாந்துக் கதைகளில் ஒன்றான கிரெத்திர் சாகாவின் கடைசிப் பகுதியில் ஒரு இடம் இடிக்கிறது. கிரெத்திர் அஸ்முண்டர்சன் விலக்கப்பட்டு, அதாவது சட்டத்தின் பாதுகாப்பை இழந்து, 19 வருஷம் ஆனபோது, அவனுடைய உறவுக்காரர்கள் ஆல்திங் என்ற நாட்டுப் பொதுச்சபையில் தண்டனையை நீக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். சட்டம் உரைப்பவரான ஸ்டெய்ன், யாரும் 20 வருஷத்துக்கு மேல் விலக்கில் இருக்கக் கூடாது, ஆனால் அதற்கு முன்னால் விடுவிக்க மாட்டேன் என்கிறார். மிச்சம் இருந்த அந்த ஒரு வருஷத்துக்குள் கிரெத்திரைக் கொன்றுவிடுகிறார்கள்.

கேள்விகள்: இந்த 20 வருஷ விதி நிஜமா? போலீஸோ சிறையோ ராஜாவோ இல்லாத நாட்டில் இந்தத் தண்டனையை யார் நிறைவேற்றினார்கள்? மரமே இல்லாத ஊரில் விலக்கப்பட்டவனை ஏன் "காட்டு மனிதன்" என்றார்கள்? இத்தனை குளிரில் ஒருத்தன் 19 வருஷம் எப்படிப் பிழைத்தான்?

#2 · ஏட்டுமூலை

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடலாம். கையில் இருக்கும் சட்டத்தொகுப்பான கிராகாஸில் அப்படி ஒரு விதி கிடையாது.

கிராகாஸ் என்றால் சாம்பல் வாத்து. பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. சட்டத்தை எழுத்தில் ஏற்றும் வேலை 1117-18 குளிர்காலத்தில் ஹஃப்லிதி மாசன் என்ற பெரும்புள்ளியின் பண்ணையில் தொடங்கியது. அதுவரை சட்டம் உரைப்பவர்தான் நடமாடும் சட்டப் புத்தகம். வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மூன்று கோடையில் முழுச் சட்டத்தையும் ஆல்திங்கில் ஒப்பிப்பார். நமக்குக் கிடைத்த இரண்டு பெரிய ஏடுகளும் 13-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. கிரெத்திர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 200 வருஷம் பிந்தியவை என்பதை மறக்க வேண்டாம்.

தண்டனையில் இரண்டு படி உண்டு.

சின்னது ஃபியோர்பவுக்ஸ்கார்தர். மூன்று வருஷம் நாட்டை விட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகும். ஆனால் "உயிர் வளையம்" என்ற பணம், ஒரு மார்க், கட்டினால் உயிருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஒரு மார்க் என்பது 8 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 215 கிராம் வெள்ளி. கட்டத் தவறினால் தானாகவே பெரிய விலக்கு விழுந்துவிடும். கப்பல் ஏற மூன்று கோடைகள் அவகாசம் உண்டு. அதுவரை அவன் தங்க மூன்று வீடுகள் குறித்துக் கொடுப்பார்கள். அந்த வீடுகளிலிருந்து அம்பு எட்டும் தூரத்துக்குள்ளும், அவற்றை இணைக்கும் பாதையிலும், கப்பலுக்குப் போகும் வழியிலும் அவனைத் தொடக் கூடாது. எதிரே ஆள் வந்தால் ஈட்டி முனை எட்டாத அளவுக்கு அவன் பாதையை விட்டு விலகி நிற்க வேண்டும். மூன்று கோடையிலும் கிளம்பவில்லை என்றால் இதுவும் பெரிய விலக்காக மாறும்.

பெரியது ஸ்கோக்காங்கர், "காடேகுதல்" என்று சொல்லலாம். இதற்கு முடிவுத் தேதி கிடையாது. அவனுக்குச் சோறு போடக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது, எந்த உதவியும் செய்யக் கூடாது. கொன்றால் கேள்வி இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. விலக்கில் இருக்கும்போது சொந்த மனைவிக்கே பிள்ளை பிறந்தாலும் அந்தப் பிள்ளைக்குச் சொத்துரிமை கிடையாது. அந்தப் பிள்ளைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் வர்க்த்ரோபி. அதில் உள்ள "வர்க்" ஓநாயையும் குறிக்கும், விலக்குண்டவனையும் குறிக்கும்.

ஒரு சொல் விஷயம். இவர்களைத் தமிழில் "கொள்ளையர்" என்று எழுதுவது தப்பு. கொள்ளை அடித்ததால் விலக்கப்பட்டவர்கள் குறைவு, விலக்கப்பட்டதால் ஆடு திருடியவர்கள் அதிகம். "ஊர்விலக்கு" கிட்டே வருகிறது, ஆனால் அதில் உயிர் போகாது. அதனால்தான் "சட்டவிலக்கு" என்று எழுதுகிறேன்.

#3 · வம்பன்

நல்லா இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். பிடிக்க ஆளே இல்லைன்னா தீர்ப்பு வெறும் சத்தம்தானே? பாறை மேல நின்னு "இவன் விலக்கப்பட்டான்"னு கத்தினா அவன் வீட்ல உட்கார்ந்து சிரிச்சுட்டு இருப்பான்.

#4 · ஏட்டுமூலை

சத்தம்தான். ஆனால் அந்தச் சத்தத்தை யார் காதில் போட்டார்கள் என்று பாருங்கள்.

கொலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். கொன்றவன் உடனே பக்கத்து வீட்டில் "நான்தான் கொன்றேன்" என்று அறிவிக்க வேண்டும். அறிவித்தால் கொலை, மறைத்தால் அதைவிடக் கேவலமான "மோர்த்". வழக்குத் தொடுப்பவர் செத்தவரின் சொந்தக்காரர், அரசு அல்ல. சம்பவ இடத்துக்கு அருகில் குடியிருக்கும் ஒன்பது பேரை அவர் சாட்சிக்குழுவாக அழைக்க வேண்டும், ஆல்திங்கில் அறிவிப்புகள் செய்யும் இடமான சட்டப்பாறையில் அறிவிக்க வேண்டும், பிறகு எதிராளியின் மாகாணத்துக்கான நீதிமன்றத்தில் வாதாட வேண்டும். அங்கே 36 நடுவர்கள். ஆறு பேர் மாறுபட்டாலே தீர்ப்பு முட்டி நிற்கும். அந்த முட்டுக்கட்டையை உடைக்கத்தான் 1005 வாக்கில் ஐந்தாம் நீதிமன்றம் வந்தது. அங்கே பெரும்பான்மை போதும். 48 பேரை நியமிப்பார்கள், இரு தரப்பும் ஆறாறு பேரை விலக்கியபின் மிச்சம் 36 பேர் தீர்ப்பு சொல்வார்கள்.

இதில் ஒரு படி பிசகினாலும் வழக்கு செத்தது. நியால் சாகாவில் நியால் குடும்பத்தை வீட்டோடு எரித்த வழக்கு அப்படித்தான் கவிழ்கிறது. எதிர்த்தரப்பு தன் பங்குக்கு விலக்க வேண்டிய ஆறு நடுவர்களை வேண்டுமென்றே விலக்காமல் விடுகிறது. அப்போது வாதிதான் அந்த ஆறு பேரையும் சேர்த்து விலக்க வேண்டும். வாதி கவனிக்கவில்லை. 42 பேர் தீர்ப்பு சொல்கிறார்கள், தீர்ப்பு செல்லாது. அடுத்த காட்சியில் ஆல்திங்கிலேயே வாள் உருவுகிறார்கள்.

தீர்ப்பு நின்றுவிட்டால் இரண்டாம் கட்டம் பறிமுதல் மன்றம், ஃபேரான்ஸ்தோமர். சபை கலைந்து 14 நாள் கழித்து, விலக்குண்டவனின் வீட்டருகே, அம்பு எட்டும் தூரத்தில், உழுநிலமோ புல்வெளியோ அல்லாத இடத்தில் கூடுவார்கள். முதலில் கடன்காரர்களுக்கும் மனைவிக்கும் உரியதைப் பிரித்துவிடுவார்கள். மிச்சத்தில் பாதி வாதிக்கு, பாதி பொதுவாக அந்த வட்டாரத்து ஆட்களுக்கு. இந்த இரண்டாவது பாதியில்தான் சூட்சுமம். அக்கம்பக்கத்தார் அத்தனை பேருக்கும் அவன் விலக்கில் லாபம் இருக்கிறது.

மூன்றாவது, உதவியவனுக்கும் தண்டனை. சோறு போட்டவனுக்குச் சின்ன விலக்கு. ஆக, தண்டனையை நிறைவேற்றுபவன் போலீஸ்காரன் இல்லை. கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு பண்ணைக்காரனும்தான்.

#5 · செவ்வந்தி

இதற்கு கீஸ்லி சாகாவை விடத் தெளிவான சாட்சி கிடையாது. கீஸ்லி சூர்சன் தன் தங்கை தோர்தீஸின் கணவனை இரவில், அவள் பக்கத்தில் படுத்திருக்கும்போதே குத்திக் கொல்கிறான். அறிவிக்கவில்லை, ஆகவே மறைத்த கொலை. தானே ஒரு கவிதையில் உளறி மாட்டிக்கொள்கிறான். தங்கை அதைக் கேட்டு மனப்பாடம் செய்து பொருளையும் கண்டுபிடித்துவிடுகிறாள். வழக்கில் அவனுக்காகப் பேசப்போன மனைவியின் சொந்தங்கள் சொதப்புகிறார்கள். பெரிய விலக்கு.

பிறகு அவன் அண்ணன் தோர்கெல்லிடம் பலமுறை போகிறான். அண்ணன் சொல்வது ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: ஆபத்து வந்தால் முன்கூட்டியே தகவல் சொல்கிறேன், ஆனால் என்னை வழக்கில் இழுக்கக் கூடிய எந்த உதவியும் செய்ய மாட்டேன். வாத்மால் என்ற கம்பளித் துணியும் வெள்ளியும் கொடுக்கிறான், வீட்டுக்குள் விடவில்லை. சட்டம் தெரிந்தவன் சட்டத்தின் விளிம்பை அளந்து நிற்கிறான். படிக்கும் நமக்கு எரிச்சல் வரும். ஆனால் ஏட்டுமூலை சொன்ன விதியை வைத்துப் பார்த்தால் சொத்து உள்ளவன் அப்படித்தான் நடப்பான்.

எதிர்முனையில் ஹெர்கில்ஸே தீவின் இங்கியால்துர் இருக்கிறான். நிலம் அவனுடையதல்ல, கீஸ்லியை வேட்டையாட வந்திருக்கும் போர்குரின் குத்தகைக்காரன். மிரட்டியபோது சொல்லும் பதில் சாகாக்களிலேயே நல்ல வரிகளில் ஒன்று. என் உடுப்பு கந்தல்தான், அதை இன்னும் கொஞ்ச நாள் உடுத்த முடியாமல் போனால் எனக்கு வருத்தமில்லை என்கிறான். இழக்க ஏதும் இல்லாதவனிடம் அந்தச் சட்டம் பலிக்கவில்லை.

#6 · நிலவரை

"காட்டு மனிதன்" பற்றி. சொல் நார்வேயிலிருந்து வந்த குடிகளோடு வந்தது. அங்கே விலக்குண்டவன் போய் ஒளிய நிஜமான காடு இருந்தது. ஐஸ்லாந்தும் முழு மொட்டை இல்லை. குடியேறிய காலத்தில் மலைக்கும் கடற்கரைக்கும் நடுவே மரம் அடர்ந்திருந்ததாக ஆரி தோர்கில்சன் 12-ம் நூற்றாண்டில் எழுதுகிறார். ஆனால் அது பெரும்பாலும் குட்டை பூர்ச்ச மரம். விறகுக்கும் கரிக்கும் வெட்டி, மேயவிட்டு, சீக்கிரமே தீர்த்துவிட்டார்கள். அதனால் ஐஸ்லாந்துக்காரன் "காடேகினான்" என்றால் நடைமுறையில் எரிமலைக் குழம்பு உறைந்த வெளி, குகை, உள்நாட்டு மேட்டு ஏரி, இல்லை கடல் தீவு.

கிரெத்திர் தங்கிய இடங்களைக் கவனித்தால் ஒரு தர்க்கம் தெரியும்.

அர்னார்வாத்ன் மேட்டு ஏரி: மீன் உண்டு, வலையும் படகும் வைத்திருந்தான். சுற்றிலும் திறந்தவெளி, வருகிறவனைத் தொலைவிலேயே பார்க்கலாம். குறை, துணைக்கு ஆள் இல்லை.

ஃபாக்ராஸ்கோகா மலை: கீழே மிரார் பகுதிப் பண்ணைகள், மேலே சரளைச் சரிவில் ஒரு பொந்து. பாதையில் போகிறவர்களைப் பார்த்து இறங்கி எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம். பக்கத்துப் பண்ணையின் பியோர்ன் ரகசிய ஆதரவு. குறை, ஆடு தொலைந்த பண்ணைக்காரர்கள் சேர்ந்து வந்தால் சண்டைதான். வந்தார்கள்.

டிராங்கே தீவு: இதுதான் உச்சம். ஸ்காகா ஃபியோர்து என்ற கடல் நுழைவின் நடுவே, சுற்றிலும் 180 மீட்டர் அளவு செங்குத்துப் பாறை. ஏணி வைத்தால்தான் ஏற முடியும். ஏணியை மேலே இழுத்துவிட்டால் ஒருவனே ஊரைத் தடுக்கலாம். பறவை, முட்டை, அத்தோடு கரைக்காரர்கள் மேயவிட்டிருந்த 80 ஆடு என்று சாகா கணக்குச் சொல்கிறது. குறை இரண்டு. விறகு இல்லை, ஒதுங்கும் கட்டைதான். படகும் இல்லை. அடிமை கிளவுமுர் நெருப்பை அணையவிட்டபோது கிரெத்திர் கரைக்கு நீந்திப் போய் நெருப்புக் கொண்டுவர வேண்டியிருந்தது. சுமார் 7 கிலோமீட்டர். கட்டுக்கதை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1927-ல் எர்லிங்குர் பால்சன் அந்தத் தூரத்தை நீந்திக் காட்டினார். கரையேறி அவன் குளிர் போக்கிய வெந்நீர்க் குட்டை இன்றும் கிரெத்திஸ்லவுக் என்ற பெயரில் இருக்கிறது.

கடைசியில் கோட்டையைக் கவிழ்த்ததும் அதே கிளவுமுர்தான். ஏணியை மேலே இழுக்காமல் தூங்கிவிட்டான்.

#7 · வம்பன்

ஏட்டுமூலை சொன்ன பறிமுதல் மன்றம் ஏட்ல அழகா இருக்கு. நடைமுறைல பாருங்க, 1120-21ல என்ன ஆச்சுன்னு. சட்டத்தை எழுத வெச்ச அதே ஹஃப்லிதி மாசனோட விரலை ஆல்திங்லயே தோர்கில்ஸ் ஒத்தசன் வெட்டிட்டார். ஹஃப்லிதி முறைப்படி வழக்குப் போட்டு, தோர்கில்ஸுக்குப் பெரிய விலக்கு வாங்கியும் கொடுத்தார். அப்புறம் பறிமுதல் பண்ணப் போனா தோர்கில்ஸ் பெரிய ஆள்படையோட வீட்ல உட்கார்ந்திருக்கார். கடைசில நடுவுல ஆட்கள் புகுந்து சமரசம். ஹஃப்லிதி கேட்ட தொகையைத் தோர்கில்ஸ் கட்டணும்னு முடிவு. அவர் கேட்டது 80 நூறு! பக்கத்துல நின்ன ஒருத்தர் அடிச்ச கமெண்ட் இன்னிக்கும் பிரசித்தம்: ஒவ்வொரு உறுப்புக்கும் இந்த விலைன்னா முழு ஹஃப்லிதி ரொம்ப காஸ்ட்லிப்பா.

சட்டத்தின் தகப்பனுக்கே இந்த கதி. கிரெத்திர் மாட்டினது அவன் கொடியவன்னு இல்ல, பின்னால ஆள் இல்லாததால. விலக்குங்கறது ஏழைக்கும் தனியனுக்கும்தான்.

#8 · ஏட்டுமூலை

பாதி ஒத்துக்கொள்கிறேன். தோர்கில்ஸ் விஷயத்தில் விலக்கு நிறைவேறவில்லை என்பது சரி. வேலை செய்யவில்லை என்பது சரியல்ல. விலக்கு தலைமேல் தொங்கியதால்தான் அவர் எதிராளியே தொகை சொல்லட்டும் என்று தலையாட்ட நேர்ந்தது. பெரிய மனிதர்கள் நடுவே விலக்கு என்பது பேரத்துக்கான கைப்பிடி. தனியனுக்கு மட்டும் அது மரண தண்டனை.

கிரெத்திரின் குடும்பம் ஏழை இல்லை என்பதையும் பாருங்கள். மித்ஃபியோர்தில் பியார்க் என்ற நல்ல பண்ணை. அவனுக்குத் தீர்ப்பு வந்தது நார்வேயில் நடந்த தீ விபத்துக்காக. நெருப்புக் கேட்டு நீந்திப் போனான், வீட்டுக்குள் இருந்தவர்கள் அவனைப் பூதம் என்று நினைத்துத் தாக்கினார்கள், தீ பற்றி எல்லாரும் செத்தார்கள். செத்தவர்களில் கார்தர் ஊர் தோரிரின் மகன்கள் இருந்தார்கள். கிரெத்திர் ஊர் திரும்புவதற்கு முன்பே தோரிர் தீர்ப்பு வாங்கிவிட்டார். அப்போது சட்டம் உரைப்பவராக இருந்த ஸ்காப்தி ஆட்சேபித்தார்: ஒருவர் மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. எடுபடவில்லை.

பிற்பாடு அதே ஸ்காப்தியின் வாசலில் கிரெத்திர் வந்து நிற்கிறான். சட்டத்தின் தலைவன் என்று பெயர் வைத்துக்கொண்டு விலக்குண்டவனை வீட்டில் வைப்பது எனக்கு அழகல்ல என்கிறார். அநியாயத் தீர்ப்பு என்று தெரிந்தவரே அதைக் காக்கிறார்.

#9 · கடல்நுரை

நன்றி, எல்லாருக்கும். இன்னொன்று. கிரெத்திரைக் கொல்லத் தோரிர் அனுப்பும் ஆளும் விலக்குண்டவன்தான். அது வெறும் கதைத் திருப்பமா, சட்டத்தில் இடம் உண்டா?

#10 · ஏட்டுமூலை

சட்டத்தில் இருக்கிறது. விலக்குண்டவன் இன்னொரு விலக்குண்டவனைக் கொன்றால் தண்டனை குறையும், மூன்று பேரைக் கொன்றால் முழு விடுதலை. மலிவான ஏற்பாடு. அரசுக்குச் செலவில்லை (அரசே இல்லை), ஆபத்து ஏற்கெனவே செத்தவனாகக் கருதப்படுபவனுக்கு. மலையில் ஒருவனை ஒருவன் நம்பிச் சேர முடியாமலும் போய்விடுகிறது. சேர்ந்தால்தானே கூட்டம் பெரிதாகும்?

கிரெத்திரிடம் இது இரண்டு முறை நடக்கிறது. கிரீமுர் மேட்டு ஏரிக்கு வந்து சேர்கிறான், கிரெத்திர் தூங்கும்போது கத்தியோடு நெருங்குகிறான், செத்தான். அடுத்து செந்தாடி தோரிர், இரண்டு வருஷம் கூடவே இருந்து நம்பிக்கை சம்பாதித்து, கிரெத்திர் வலை எடுக்க நீரில் இறங்கியபோது பாய்கிறான். கிரெத்திர் மூழ்கி வேறு பக்கம் ஏறி அவனையும் முடிக்கிறான்.

தலைக்கு வைத்த விலையும் உண்டு. கார்தர் தோரிர் மூன்று மார்க் வெள்ளி, அதற்கு மேல் தோரோத்துர் என்பவர் இன்னொரு மூன்று. அதுவரை எந்த விலக்குண்டவனுக்கும் மூன்றைத் தாண்டியதில்லை என்கிறது சாகா. ஆறு மார்க் என்றால் கிட்டத்தட்ட 1.3 கிலோ வெள்ளி.

#11 · செவ்வந்தி

இரண்டு முறை ஏமாறுகிறவன் மூன்றாவது முறையும் துணை தேடுவது ஏன் என்பதுதான் இந்தச் சாகாவின் முதுகெலும்பு. கிளாமுர் என்ற செத்தும் நடமாடும் இடையனோடு கிரெத்திர் சண்டை போட்டு வெல்கிறான். சாவதற்கு முன் கிளாமுர் சபிக்கிறான்: என் கண்கள் எப்போதும் உன் முன்னால் நிற்கும். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சுவரை உடைக்கும் பலசாலிக்கு இருட்டைக் கண்டால் பயம். ஐஸ்லாந்தில் குளிர்கால இருட்டு எத்தனை மணி நேரம் என்று யோசியுங்கள். விலக்கு என்பது தனிமை, அவனுக்குத் தாங்க முடியாத ஒன்று தனிமை. இப்படிக் கதாபாத்திரத்துக்குத் தண்டனையையே சட்டை தைத்தாற்போல் தைத்திருக்கிறார்கள்.

கீஸ்லிக்குக் கனவு. நல்லவள் ஒருத்தி, ரத்தம் பூசுகிறவள் ஒருத்தி, மாறி மாறி வருகிறார்கள். நல்லவள் காட்டும் கூடத்தில் ஏழு அடுப்பு நெருப்பு, உனக்கு ஏழு வருஷம் மிச்சம் என்று அர்த்தம். இங்கே விலக்கின் காலக்கணக்கு சட்டத்தில் இல்லை, கனவில் இருக்கிறது.

அதனால் 20 வருஷ விதிக்கு என் பதில்: அது கடிகாரம். கிரெத்திர் சாகா 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. குடியரசு 1262-64-ல் நார்வே மன்னருக்கு அடங்கி, 1281-ல் யோன்ஸ்போக் சட்டமும் வந்துவிட்ட காலம். பழைய விலக்கு நடைமுறை கேட்பவர்களுக்கு நேரடி அனுபவம் அல்ல. ஒரு வருஷம் மிச்சம் என்றால் அவர்களுக்குத் தொண்டை அடைக்கும். ஸ்டெய்ன் உண்மையான ஆள், 1031 முதல் 1033 வரை அந்தப் பதவியில் இருந்தவர். நிஜப் பெயரின் வாயில் இல்லாத விதியை வைத்தால் விதியும் நிஜமாகத் தெரியும்.

#12 · வம்பன்

இல்லாத விதின்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? ஏட்டுமூலையே சொன்னார், ஏடு 200 வருஷம் பிந்தினதுன்னு. பழைய சட்டத்துல இருந்து விட்டுப்போயிருக்கலாமே.

#13 · ஏட்டுமூலை

"கிராகாஸில் இல்லை" என்பது மட்டும்தான் உறுதி, நான் எழுதியதும் அவ்வளவே. ஆனால் விலக்கு எப்படி நீங்கும் என்பதைப் பற்றி கிராகாஸ் நிறையப் பேசுகிறது. பிற விலக்குண்டவர்களைக் கொல்வது, சமரசம், ஆல்திங்கின் அனுமதி. இத்தனை வழிகளைப் பட்டியலிடும் சட்டம், சும்மா காத்திருந்தால் போதும் என்ற சுலப வழியை மட்டும் விட்டிருக்குமா? அதனால் செவ்வந்தி பக்கம் சாய்கிறேன்.

#14 · நிலவரை

கூட்டம் பற்றி ஏட்டுமூலை சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு ஹோர்துர் கிரிம்கெல்சன். ஹ்வால்ஃபியோர்தில் கெயிர்ஸ்ஹோல்முர் என்ற குட்டித் தீவில் கிட்டத்தட்ட இருநூறு பேர் வரை சேர்த்ததாக அவன் சாகா சொல்கிறது. அந்தத் தீவைப் படத்தில் பார்த்தாலே எண்ணிக்கை சந்தேகம் தரும். குடிநீர்கூடக் கரையிலிருந்துதான் வர வேண்டும். அத்தனை வாய்க்கும் சோறு என்றால் சுற்றுவட்டார ஆடுமாடெல்லாம் தீர்ந்திருக்கும். சுற்றுவட்டாரம் ஒன்று சேர்ந்ததும் அதனால்தான். முற்றுகை போடவில்லை. விடுதலை தருகிறோம், கரைக்கு வாருங்கள் என்று சத்தியம் செய்து, படகு படகாக ஏற்றிக் கொண்டுவந்து, இறங்க இறங்க வெட்டினார்கள். ஹோர்துரின் மனைவி ஹெல்கா மட்டும் இரண்டு சிறு மகன்களோடு இரவில் நீந்திக் கரை சேர்ந்தாள்.

குகை என்றால் சுர்த்ஸ்ஹெல்லிர். எரிமலைக் குழம்புக் குழாய், உள்ளே ஆள் அடுக்கிய கல்சுவரும் கால்நடை எலும்புக் குவியலும் உண்டு. எலும்புகள் வைக்கிங் காலத்தவை என்று கார்பன் கணக்கு சொல்கிறது. நீண்ட நாள் அதை விலக்குண்டவர்களின் சாப்பாட்டு மிச்சம் என்றே படித்தார்கள். சமீபத்திய ஆய்வில் துருக்கிப் பக்கத்திலிருந்து வந்த மஞ்சள் நிறமி அரிதாரமும் கிடைத்திருக்கிறது. ஆடு திருடிப் பிழைத்தவன் கையில் அது எப்படி? சடங்கு நடந்த இடம் என்ற வாதம் அதனால் வலுத்திருக்கிறது.

#15 · வம்பன்

சின்ன விலக்கைப் பத்தி யாருமே பேசலையே. செம்முடி எரிக்குக்கு 982 வாக்குல தோர்ஸ்னெஸ் சபைல கிடைச்சது அதுதான். மூணு வருஷம் எங்கயாவது போய்த் தொலைன்னாங்க. மனுஷன் மேற்கே போய் கிரீன்லாந்துக் கரையை அளந்துட்டு வந்தார். திரும்பி வந்து "பச்சை நாடு"ன்னு பேர் வெச்சு ஆள் சேர்த்து 25 கப்பலோட கிளம்பினார், 14 போய்ச் சேர்ந்துது.

அதே மூணு வருஷத்துக்கு நியால் சாகால வர்ற குன்னார் போகல. கப்பலுக்குப் போற வழில குதிரை இடறி இறங்கித் திரும்பிப் பார்க்கறான். சரிவு அழகா இருக்கு, கதிர் வெளுத்து நிக்குது, புல் அறுத்திருக்கு. போகலன்னுட்டான். அவன் தம்பி போய்ட்டான். அடுத்த ஆல்திங்ல குன்னாரை விலக்கினாங்க, வீட்டைச் சுத்தி வளைச்சு கொன்னாங்க. குன்னாரைக் கொன்னது இயற்கைக் காட்சி.

#16 · செவ்வந்தி

வம்பன், அந்தக் கடைசி வரி நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு திருத்தம். குன்னாருடையது நீதிமன்றம் விதித்த சின்ன விலக்கல்ல, சமரசத்தில் ஒப்புக்கொண்ட நாடுகடத்தல். மீறினால் செத்தவரின் சொந்தக்காரர்கள் கொல்லலாம் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. விளைவு ஒன்றுதான், ஆனால் முழுச் சொத்துப் பறிமுதல் கிடையாது. சாகாக்களில் கிரெத்திர், கீஸ்லி போன்ற முழு விலக்கைவிட இந்த வகை ஒப்பந்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

அப்புறம், பிடித்த பிறகும் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்த கதை ஒன்று இருக்கிறது. வாத்ன்ஸ்ஃபியோர்து பக்கம் 30 பண்ணைக்காரர்கள் தூங்கிய கிரெத்திரைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் வெர்முந்துர் ஆல்திங்குக்குப் போயிருக்கிறார். அவர் வரும்வரை கைதியை யார் வீட்டில் வைப்பது? முதல் ஆள் எனக்கு வேலை நெருக்கடி என்கிறான், அடுத்தவன் என் வீட்டில் ஆள் குறைவு என்கிறான், இப்படியே சுற்றி வருகிறது. கடைசியில் "சரி, தூக்கில் போட்டுவிடலாம்" என்று தூக்குமரம் நடுகிறார்கள். அந்த வழியாக வந்த வெர்முந்துரின் மனைவி தோர்பியோர்க், இந்த வட்டாரத்தில் தொல்லை செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவிழ்த்துவிடுகிறாள். சிறை இல்லாத நாட்டில் உயிருள்ள கைதி எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு இதைவிட நேர்மையான பக்கம் கிடையாது.

#17 · கடல்நுரை

கடைசியாக ஒன்று. ஆறு மார்க்கும் யார் கைக்குப் போனது?

#18 · ஏட்டுமூலை

யார் கைக்கும் போகவில்லை.

கொன்றது தோர்பியோர்ன் ஓங்குல், பட்டப்பெயருக்குத் "தூண்டில் முள்" என்று பொருள். நேரடியாக முடியாததால் வளர்ப்புத்தாய் துரீத்தை வைத்து ஒரு மரக்கட்டையில் ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்தை வெட்டி, ரத்தம் பூசி, கடலில் விட்டான். அது தீவில் ஒதுங்கியது. விறகுக்காகக் கிரெத்திர் வெட்டும்போது கோடரி நழுவித் தொடையில் பட்டது. காயம் ஆறுவதுபோல் மூடி உள்ளே அழுகியது. ஓங்குல் ஏறிவந்தபோது அவன் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை. தலையை வெட்டி உப்பில் போட்டு எடுத்துக்கொண்டு ஆல்திங்குக்குக் கிளம்பினார்கள்.

அங்கே எதிர்வழக்கு. பாதி செத்தவனைக் கொன்றாய், அதுவும் சூனியத்தால் என்று. ஓங்குலுக்குப் பணம் மறுக்கப்பட்டது, நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். அவன் கான்ஸ்டாண்டிநோபிள் வரை போய் பைசாந்தியப் பேரரசரின் வடநாட்டு வீரர் படையான வரங்கியர் படையில் சேர்ந்தான். கிரெத்திரின் அண்ணன் தோர்ஸ்டெய்ன் பின்தொடர்ந்து போய், ஆயுதங்களைச் சரிபார்க்கும் கூட்டத்தில் கிரெத்திரின் அதே குத்துவாளை ஓங்குல் பெருமையாகக் காட்டியபோது, கொடு பார்க்கிறேன் என்று வாங்கி அதாலேயே வெட்டினான்.

வம்பனின் #7-க்கு ஒரு சின்ன இணைப்பு: அந்த "80 நூறு" என்பது 8,000 இல்லை. ஐஸ்லாந்துக்காரனின் நூறு என்றால் 120. ஆக 9,600.